பச்சையாய் வந்த முளைப்பாரி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் யாராவது சகுனம், குறி என்று என் முன்னால் பேச்சை எடுத்தால் பொத்துக்கொண்டு வரும். கல்யாண வீடென்றும் பார்க்க மாட்டேன், கருமாதி வீடென்றும் பார்க்க மாட்டேன், எழுந்து வெளியே போய்விடுவேன். "இவ ஏன் இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்பில் நான் படித்த ஒரு பாடம்தான் காரணம்.

ஐம்பதுகளின் கடைசி. சாணார்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் என்று ஒரு நீளக் கட்டிடம். ஐந்து வகுப்பும் அதற்குள்ளேயேதான். ஒரு மூலையில் வாய்ப்பாடு கேட்கும், இன்னொரு மூலையில் யாரோ அடி வாங்குகிற சத்தம் கேட்கும். அந்த வருசம் எங்களுக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு டீச்சர் வந்தார்கள். கிறிஸ்தவர். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். எங்களுக்கு அது தெரியுமா? டீச்சர் என்றால் எங்களுக்கு உலகத்திலேயே பெரிய ஆள்.

இயற்கைப் பாடத்துக்குப் புத்தகத்தை அவர்கள் அதிகம் தொடுவதில்லை. வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவார்கள். எறும்பு எதைத் தூக்கிக்கொண்டு போகிறது, குளவி எங்கே மண் எடுக்கிறது என்று செத்த நேரம் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "ஓணான் தூரத்துல இருந்தே நம்ம ரத்தத்த உறிஞ்சுக் குடிக்கும் டீச்சர், அதான் அது தலை செவந்துருது" என்றான்.

"பாத்தியா, கேட்டியா?"

"கேட்டேன் டீச்சர்."

"அப்ப போயிப் பாத்துட்டு வா."

அந்தப் பயல் ஒரு மத்தியானம் முழுக்க வேலியோரம் ஓணானுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்ததும்தான் எழுந்து வந்தான். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "குடிக்கலை டீச்சர்" என்றான். அவன் முகத்தில் ஒரே ஏமாற்றம்.

ஆடி மாதம் பிறந்ததும் டீச்சர் விதைப் பாடத்தை எடுத்தார்கள். இரண்டு கொட்டாங்குச்சியில் மண்ணும் சாணிப்பொடியும் நிரப்பி, ஆளுக்கொரு தட்டப்பயறை ஊன்றச் சொன்னார்கள். ஒரு கொட்டாங்குச்சியை ஜன்னலில் வைத்தார்கள். இன்னொன்றை, நாங்கள் நூல் நூற்கிற தக்ளி வைக்கிற மரப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் தூக்கினார்கள்.

உள்ளே பயிர் மஞ்சளாக, வெள்ளைத் தண்டோடு நெடுநெடுவென்று வளர்ந்து நின்றது. நாங்கள் மொத்தப் பேரும் கூவினோம்: "ஆத்தாடி, மொளைப்பாரி!"

இரண்டு பெண் பிள்ளைகள் எழுந்து கும்மியே கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு வேண்டுதல் உள்ள பெண்கள் மண்சட்டியில் நவதானியம் போட்டு, சன்னல் இல்லாத உள்ளறையில் இருட்டில் வளர்ப்பார்கள். எட்டாம் நாள் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். அதுதான் முளைப்பாரி. மஞ்சளாக, உயரமாக, நேராக வந்தால் வேண்டுதல் பலித்தது என்று அர்த்தம். போட்டவளைத் தவிர வேறு யாரும் அதுவரை அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட சமாச்சாரத்தை இந்த டீச்சர் தக்ளிப் பெட்டிக்குள் வளர்த்து எல்லோருக்கும் காட்டுகிறார்களே என்று எங்களுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது.

"இதுல எது நல்லா வந்துருக்கு?" என்று டீச்சர் கேட்டார்கள்.

எல்லோரும் பெட்டிக்குள் இருந்ததையே காட்டினோம். டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள்.

"இல்லப்பா. சன்னல்ல பச்சையா, குட்டையா இருக்கு பாருங்க, அதுதான் தெம்பான பயிர். இது வெளிச்சத்தத் தேடி நீண்டுருக்கு, அம்புட்டுத்தான். இதுக்குச் சோகை பிடிச்சிருக்கு. இப்பிடியே இருட்டுல விட்டா பத்து நாள்ல படுத்துரும்."

"செத்துப்போயிருமா டீச்சர்?" என்று நான்தான் கேட்டேன்.

"செத்துப்போயிரும்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் இரண்டு நாளைக்கு முன்னால்தான் எங்கள் அம்மா வீட்டு உள்ளறையில் முளைப்பாரி போட்டிருந்தாள்.

அம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஆறு நாள் இருந்தது. இன்னொன்று அழவே இல்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் சட்டியை எடுத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி முளைப்பாரி போடலாமா என்று ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. எங்கள் அய்யாவின் அக்கா, என் அத்தை, அடுத்த வீட்டில் இருந்தாள். "வேணாம், விடு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப்போகும்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எங்கள் அம்மா பிடிவாதக்காரி. "நான் போடத்தான் போறேன் மதினி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஆக, அந்தச் சட்டி எப்படி வருகிறது என்று பார்க்க ஊரே காத்திருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. எட்டு வயசு மூளை என்ன கணக்குப் போடும்? இருட்டில் இருக்கிற பயிருக்குச் சோகை பிடிக்கும், செத்துப்போகும். அம்மாவின் பயிர் இருட்டில் இருக்கிறது. அது செத்தால் பாப்பாவும் செத்துப்போகும். ஊரில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை, மூன்றாம் வகுப்புப் படிக்கிற எனக்குத்தான் தெரியும். பாப்பாவை நான்தான் காப்பாற்றியாக வேண்டும். அம்மாவிடம் சொன்னால் விடுவாளா? அதனால் சொல்லவில்லை.

அம்மா விடியுமுன்னே குளித்து ஈரச்சேலையோடு உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. நடுவில் காடு கரைக்குப் போய்விடுவாள். மறுநாள் காலையில் அவள் தலை மறைந்ததும் உள்ளறைக்குள் போனேன். பயிரைப் பார்க்கக் கூடாதில்லையா? கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனேன். அங்கே தானியம் போட்டு வைக்கிற மண் குலுக்கை ஒன்று இருந்தது, என்னைவிட உயரம். அதில் தொற்றி ஏறினால் கூரை கைக்கு எட்டும். ஒரு நாட்டோட்டைப் பக்கவாட்டில் தள்ளினேன். மூடிய கண்ணுக்கே வெளிச்சம் வந்தது தெரிந்தது. அப்படியே இறங்கி, கண்ணைத் திறக்காமலே வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் அம்மா திரும்புமுன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு போய் ஓட்டைச் சரியாக வைத்துவிட்டேன். இப்படி ஐந்து நாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு. கேட்டவர்களிடம் விளையாடினேன் என்று சொன்னேன்.

நாலாம் நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கூப்பிட்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. விரதத்தில் இருக்கிறாள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கு வெளிச்சத்தில் அவள் உள்ளே எதைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் நாள் கொட்டுச் சத்தத்தோடு சட்டிகளை வெளியே எடுத்தார்கள். பதினைந்து இருபது சட்டி இருக்கும். எல்லாம் மஞ்சளாக, முழ உயரத்துக்கு நேராக நின்றன. எங்கள் அம்மா தலையில் இருந்தது மட்டும் கரும்பச்சை. குட்டையாக, தளதளவென்று, அம்புட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எம்புட்டுத் தெம்பான பயிர்! மற்ற சட்டியெல்லாம் சோகைப் பயிர், எங்க அம்மாது மட்டும்தான் நல்ல பயிர்! பெருமையோடு எல்லோர் முகத்தையும் பார்த்தேன். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

"இதென்னத்தா, கீரைப்பாத்தி கணக்கா இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

அத்தை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "ஒரே பக்கமாச் சாஞ்சுல்ல கெடக்கு. ஆத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா கோயில் வரைக்கும் நடந்தாள். முளைப்பாரியை இறக்கி வைத்துக் கும்மி கொட்டினார்கள், அவளும் சேர்ந்து கொட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவே இல்லை. அந்த வருசம் கம்மாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊர்க்கிணற்றில்தான் கரைத்தார்கள். எல்லோரும் தங்கள் சட்டியைக் கரைத்த பிறகு, கடைசியாக அம்மாவை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு இதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஓட்டை நகர்த்தியதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

பளீரென்று ஒரு அறை விழுந்தது. எங்கள் அம்மா என்னை அதற்கு முன்னால் அடித்ததே இல்லை.

"பாத்தியாடி? பயிரப் பாத்தியா?"

"பாக்கலம்மா. கண்ண மூடிக்கிட்டுத்தான் போனேன். சத்தியமா. வெளிச்சம் மட்டுந்தான் விட்டேன்."

என்னையே பார்த்தாள். பிறகு அதே கையால் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் தேம்பி ஓய்கிற வரைக்கும் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஓய்ந்ததும் கேட்டாள்: "எந்தப் பக்கத்து ஓடு?"

மறுநாள் உச்சிப் பொழுதில் என்னை மறுபடி குலுக்கை மேல் ஏறச் சொன்னாள். ஓட்டைத் தள்ளினேன். வெளிச்சம் தரையில் விழுந்தது. சட்டி இருந்த இடத்தில் ஈரவட்டம் இன்னும் காயவில்லை. அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் வருகிற பக்கத்தையும் ஈரவட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கையால் காட்டினாள், தனக்குத்தானே. அது ஓடு திறந்த பக்கம்தான்.

அத்தோடு விட்டாளா? மிச்சமிருந்த தானியத்தை இரண்டு சட்டியில் போட்டாள். ஒன்றை அதே இடத்தில் ஓட்டைத் திறந்து வைத்தாள். இன்னொன்றின் மேல் கூடையைக் கவிழ்த்துச் சாக்கைப் போட்டு மூடினாள். எட்டாம் நாள் முதல் சட்டி பச்சையாகச் சாய்ந்து நின்றது, இரண்டாவது மஞ்சளாக நேராக நின்றது. அப்புறம் முதல் சட்டியை அப்படியே திருப்பி வைத்தாள். இரண்டு நாளில் பயிர் மறுபடி வெளிச்சத்துப் பக்கம் வளைந்தது. திரும்பவும் திருப்பினாள். திரும்பவும் வளைந்தது. எங்கள் அய்யா எட்டிப் பார்த்து, "என்னத்தடி ஆராய்ச்சி பண்றீங்க ஆத்தாளும் மகளும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அம்மா சிரிக்கவில்லை. உயிரே அதில்தான் இருக்கிற மாதிரி பார்த்தாள்.

"இதுக்குக் கண்ணு இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

டீச்சரிடம் கேட்டு வந்து சொன்னேன்: "கண்ணு இல்லையாம்மா. கண்ணு இல்லாமலே வெளிச்சம் தெரியுமாம்."

மூன்றாவது தடவையும் வளைந்ததும் அம்மா சட்டியைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டு வந்தாள். "சாமிக்கு நம்ம மேல கோவமில்லடி. பயிருக்கு வெளிச்சத்து மேல ஆச. அம்புட்டுத்தான்" என்றாள். அன்றைக்குக் கத்தரிக்காய் வெஞ்சனத்தோடு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஊர் என்னமோ பேசிக்கொண்டுதான் இருந்தது. அவள் காதில் வாங்கவில்லை.

கார்த்திகையில், அடைமழை பெய்த ஒரு பகலில், பாப்பா பிறந்தது. ஆண் பிள்ளை. நிறைய முடி. என் விரலைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பால் குடிக்கவில்லை, மத்தியானம் உடம்பு நீலம் பாய்ந்தது, அவ்வளவுதான்.

வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். அத்தை அழுதாள். அவள் அழுகை பொய்யில்லை, தம்பி பிள்ளைக்காக வயிறெரிந்துதான் அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவில் சொல்லிவிட்டாள்: "ஆடியிலேயே ஆத்தா காட்டிட்டாளே! நாமதான் கண்ணிருந்தும் பாக்காம விட்டோம்!"

நான் குலுக்கைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் பாயில் கிடந்த எங்கள் அம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளை பெற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"மதினி, பயிரையும் பிள்ளையையும் சேத்து முடிச்சுப் போடாதீக. ஓடு வெலகிக் கெடந்துச்சு, பயிரு வெளிச்சத்துக்குச் சாஞ்சுச்சு. நான் வச்சுப் பாத்துட்டேன். மூணு தடவ திருப்பி வச்சும் பாத்துட்டேன்."

"என்னத்தடி பாத்த?"

"பாத்துட்டேன்னு சொல்றேன்ல."

ஓடு எப்படி விலகியது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆடிக்காற்றில் விலகியிருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் அம்மா பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்தவள் இல்லை. அவள் நம்பினாள். பாடம் படித்த நான் நம்பவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது வெறும் வெளிச்சம்தான் என்று வாய் சொல்லும், ஓட்டைத் திறந்த கை இதுதானே என்று மனசு சொல்லும்.

அதற்குப் பிறகு நான் எந்தச் செடியையும் தொடவில்லை. பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற என் முறை வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். அடித்தாலும் அசைய மாட்டேன். டீச்சர் அடிக்கவில்லை. சித்திரை லீவுக்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"உங்க மக செடியத் தொட மாட்டேங்குறா. தான் தொட்டா செத்துப்போயிருமாம். வீட்டுல யாரும் எதுவும் சொன்னீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நடந்ததை எல்லாம் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் முகம் வெளுத்துப்போய்விட்டது. "நான் நடத்துன பாடமா? நான்தானே செத்துப்போயிரும்னு சொன்னேன்" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாடம் சரிதான் டீச்சர்" என்றாள் அம்மா. "நானும் வச்சுப் பாத்தேன்ல. மோர் குடிக்கிறீகளா?"

அடுத்த ஆடி வந்தது. அம்மா மறுபடி முளைப்பாரிச் சட்டியை எடுத்தாள். "போதும்டி, இன்னுமா?" என்று அத்தை கேட்டாள். இருட்டில் வைத்தால் ஏன் மஞ்சளாக வருகிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் இருட்டில் வைத்தாள். விடியுமுன் குளித்தாள், ஈரச்சேலையோடு போனாள், ஒரு முறைகூடக் குறைக்கவில்லை. சாமி வேறு, வெளிச்சம் வேறு என்று அவளுக்குள் எப்படியோ பிரித்து வைத்திருந்தாள். எனக்கு இன்றைக்கு வரைக்கும் அது முழுசாகப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் என்னையும் எழுப்பிக் குளிக்க வைத்தாள். கையைப் பிடித்து உள்ளறை வாசலுக்குக் கூட்டிப்போனாள். நான் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொற."

"பாக்கக் கூடாதும்மா."

"நான் சொல்றேன், தொற. நீ பாத்தா ஒண்ணும் ஆகாது."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அம்மாவுக்கு வயிற்றில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் எதற்கு இந்தச் சட்டி? கேட்டேன்.

"இந்தத் தடவ என்னம்மா வேண்டிக்கிட்ட? இன்னொரு பாப்பாவா?"

"இல்ல."

"அப்புறம்?"

"ஒனக்குத்தான் வேண்டிக்கிட்டேன். எம்மக பழையபடி பயிர் பச்சையத் தொடணும், பயமில்லாம இருக்கணும்னு."

கண்ணைத் திறந்தேன். விளக்கு வெளிச்சத்தில் பயறுகள் வாயைப் பிளந்து வெள்ளை முளை விட்டிருந்தன. அம்மா என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். "தெளி" என்றாள். தெளித்தேன். பாதித் தண்ணீர் அவள் சேலை மேல்தான் விழுந்தது.